மதங்களைப் பற்றிப் பாடம்! மக்களைப் பற்றி மௌனமா?

சென்ற மாதம் பஞ்சாலைத் தோழர் ஒருவர் தம் மகளின் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கட்சி அலுவலகத்துக்கு வந்தார். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசற்படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். "உலக மதங்கள்" என்று ஒரு பாடமாம். நோட்டைப் பிரித்தோம். ஓர் அட்டவணை, ஆறு மதங்கள், ஆறு கட்டங்கள். ஸ்தாபகர் யார், வேத நூல் எது, பண்டிகை எது. அதன் கீழே பரீட்சைக் கேள்வி: எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்பதை விளக்குக. பத்து மார்க்!

தோழர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நம்ம ஊரு அய்யனாரு இதிலே எந்தக் கட்டத்திலே வர்றாரு தோழர்?"

சிரித்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற கேள்வி அல்ல. அய்யனாருக்கு ஸ்தாபகர் கிடையாது, நூல் கிடையாது. ஆகவே கட்டமும் கிடையாது. அவருக்குப் பொங்கல் வைக்கிற ஜனங்களுக்கும் கிடையாது.

காலேஜில் மதங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. மதம் அபின், அதை எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அபின் என்று மார்க்ஸ் 1844-ல் எழுதியது உண்மை. மதத்தில் நசுக்கப்பட்டவனின் வேதனையும், அந்த வேதனைக்கு எதிர்ப்பும் இருக்கின்றன என்று அதே இடத்தில் எழுதியதும் உண்மை. பாதியைப் படித்துவிட்டு மீதியை மூடி வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரன் எதற்காக வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறான் என்று அறியாத தொழிலாளியிடம்தான் வதந்தி சுலபமாக விலை போகிறது. போனஸ் பேச்சு நடக்கிற வாரத்தில் ஊர்வலத் தகராறு கிளம்பி, ஒரே மிஷினில் ஷிப்ட் மாறி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனதை நாம் கண்டிருக்கிறோம். லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இந்தப் படிப்பைத் தடுக்கவில்லை. முழுக்க முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்து. சர்க்கார் உதவி பெறும் இடத்திலும், சம்மதம் இல்லாதவரை மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. 1964-66 கோத்தாரி கமிஷன் இந்த வித்தியாசத்தைச் சொன்னது. 2002-ல் அருணா ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே ஏற்றது.

ஆகவே நம்முடைய சண்டை, எதைக் கற்பிக்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்பதைப் பற்றியது.

இந்த விழுங்கல் பழைய கதை. 1948-49-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் அமைந்தது. தலைவர் லேசான ஆள் அல்ல. 1936 முதல் ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டு மதங்களுக்குப் பேராசிரியராக இருந்தவர். கமிஷன் போட்ட திட்டம் இது: தினமும் வேலை துவங்குமுன் சில நிமிஷம் மௌன தியானம். முதல் வருஷம் மகான்களின் வாழ்க்கை. இரண்டாம் வருஷம் வேத நூல்களிலிருந்து எல்லோருக்கும் பொதுவான பகுதிகள். மூன்றாம் வருஷம் மதத் தத்துவம். மகான்கள் யார்? புத்தர், கன்பூசியஸ், ஜரதுஷ்டிரர், சாக்ரடீஸ், ஏசு, சங்கரர், ராமானுஜர், மத்வர், முகமது, கபீர், நானக், காந்தி.

பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. நெசவாளி கபீருக்கு இடம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. செருப்புத் தைத்த ரவிதாஸ் எங்கே? ஆதனூர் நந்தன் எங்கே? பெண் ஒருத்தியாவது உண்டா?

பொதுவான பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சண்டைக்குரியதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் சர்க்கரைப் பாகு. ஜெர்மனியில் 1525-ல் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். அவர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதினார் மார்ட்டின் லூதர். அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு குடியானவர் பக்கம் நின்றார் தாமஸ் முன்ட்சர் என்ற பாதிரியார். தோற்றார், தலை வெட்டப்பட்டார். கிறிஸ்தவம் எதைப் போதிக்கிறது என்று பத்து மார்க்குக்குக் கேட்கும் கனவான்களே, யாருடைய கிறிஸ்தவம்?

நோட்டுக்கு வருவோம். பௌத்தக் கட்டத்தில் போதி மரம், எட்டு வழி, அசோகர், அத்தோடு முற்றுப்புள்ளி. 1898-ல் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தது இல்லை. 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கார் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தரானது இல்லை. அதைச் சொன்னால் ஏன் என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் சாதியைப் பற்றிப் பேச வேண்டி வரும். இந்து மதக் கட்டத்தில் கோபுரமும் சிற்பமும் உண்டு. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் அழைத்துப் போகும் வரை மதுரை மீனாட்சி கோவிலுக்கு வெளியே தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நிறுத்தப்பட்டது இல்லை. தஞ்சைச் சீமையில் கோவில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் உழுதவன் யார், நெல் அளந்தவன் யார்? மூச்சு இல்லை. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் தேவாலயங்களைப் பற்றியும் மூச்சு இல்லை.

இதற்கெல்லாம் பாடத்தில் இடம் இல்லையாம். ஆனால் 2001-ல் ஜோதிடத்தைப் பட்டப் படிப்பாக நடத்தப் பல்கலைக் கழக மானியக் குழு பணம் தர முன்வந்தது!

வாத்தியாரை நாம் குறை சொல்லவில்லை. கொடுத்த பாடத்தை அவர் நடத்துகிறார். அவர் சம்பளம் என்ன லட்சணம் என்பதும் நமக்குத் தெரியும். பாடத்தை வகுக்கிறவர்களிடம் கேட்கிறோம். ஒவ்வொரு மாணவரையும் அவரவர் ஊருக்கு அனுப்புங்கள். கோவில், பள்ளிவாசல், மாதாகோவில் எதுவானாலும் அதைக் கட்டியவர் யார், உள்ளே போவது யார், வாசலில் நிற்பது யார், அதன் நிலம் யார் சாகுபடியில் இருக்கிறது என்று எழுதி வரச் சொல்லுங்கள். அதற்கு மார்க் கொடுங்கள். அய்யனாரும் அதிலே வருவார்.

தோழரின் மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அன்பைப் பற்றி அவள் எழுதத்தான் வேண்டும், எழுதட்டும், பாஸாகட்டும். பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது, மாணவர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் மட்டும் மனுக் கொடுத்தால் போதாது. ஆலைத் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூடவே கொடுக்க வேண்டும்.