நேர்கோட்டுக்கு அடங்காத பேட்டை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வழி தவறுவது கடினம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி தெருக்கள் நேர் நேராக ஓடும்; பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்தான். ஆனால், கிரீனிச் வில்லேஜுக்குள் நுழைந்தால் கணக்கு தப்பிவிடும். எங்கோ தள்ளியிருக்க வேண்டிய மேற்கு 4-வது தெருவும் மேற்கு 10-வது தெருவும் இங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன! 1811-ல் நகரத்துக்குக் கட்டம் போட்டபோதே இங்கே ஒரு கிராமம் இருந்தது. அதன் கோணல் சந்துகள் அப்படியே தங்கிவிட்டன.

பின்னாளில் வாடகை மலிவு என்பதால் ஓவியர்களும் கவிஞர்களும் இங்கே குடிவந்தார்கள். பெட்ஃபோர்டு தெருவில் 75½ என்ற எண்ணுள்ள வீட்டின் அகலம் சுமார் ஒன்பதரை அடிதான். கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே 1920-களில் அதில் வசித்தார். 1917-ல் ஓவியர் ஜான் ஸ்லோனும் மார்செல் துஷாமும் நண்பர்கள் சிலருடன் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் பளிங்கு வளைவு மேல் ஏறி, வில்லேஜைத் தனிக் குடியரசாக அறிவித்தார்கள்!

அது வேடிக்கை. நிஜமான சண்டை 1950-களில் வந்தது. அந்தப் பூங்காவின் நடுவே அகலச் சாலை போட வேண்டும் என்றார், நகரையே மாற்றியமைத்துக்கொண்டிருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ். 'குழந்தைகள் எங்கே விளையாடும்?' என்று எதிர்த்து நின்றவர் ஷெர்லி ஹேய்ஸ் என்ற இல்லத்தரசி. பக்கத்தில் ஹட்சன் தெருவில் வசித்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்துகொண்டார். கையெழுத்து வேட்டை, கூட்டம், மனு என்று விடாமல் போராடினார்கள். சாலை வரவில்லை, 1958-ல் பூங்காவுக்குள் கார்கள் போவதும் நின்றது.

1961-ல் அதே பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குத் தடை வந்தது. பாடகர்கள் கிதாருடன் திரண்டார்கள். போலீஸ் கைது செய்தது. சில வாரங்களில் தடை விலகியது.

1969-ல் வில்லேஜ் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியானது. இனி நினைத்த மாதிரி எந்த வீட்டையும் இடிக்க முடியாது. ஆனால், வாடகை ஏறுவதை அந்தப் பாதுகாப்பு தடுக்கவில்லை. அழகாகக் காப்பாற்றப்பட்ட தெருக்களில் பணக்காரர்கள் குடியேற, வாடகை எங்கோ போய்விட்டது. இன்றும் பூங்காவில் பாட்டு கேட்கிறது. பாடுகிறவருக்கு அக்கம்பக்கத்தில் ஓர் அறை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

செங்கல்லைக் காக்கச் சட்டம் போதும். அதற்குள் வாழ்ந்தவர்களைக் காக்க வாடகையும் கைக்கு எட்ட வேண்டும்.