டெண்டர்ல தோத்தவர் கோர்ட்டுக்குப் போவார், நாம எங்க போறது?

திருவேற்காடுன்னா உங்களுக்குக் கருமாரியம்மன் கோயில் ஞாபகம் வரும். இங்க குடியிருக்கிறவங்களுக்கு மழைக்காலத்து ரோடு ஞாபகம் வரும் :-) வேலை ஏன் ஆரம்பிக்கலைன்னு டீக்கடையில கேட்டா, "டெண்டர் கேஸ்ல இருக்குப்பா"ன்னு யாராவது சொல்வாங்க. நிஜமாவே கேஸ் இருக்கான்னு யாருக்கும் தெரியாது. சரி, சட்டம் என்னதான் சொல்லுதுன்னு படிச்சேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல வந்தது, விதிகள் 2000-ல. டெண்டர் முடிவு பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம். யார்கிட்ட? அரசுகிட்டயே! அதாவது பந்து போட்ட டீமே அம்பயர். அதுவும் டெண்டர் போட்டவர் மட்டும்தான் போகலாம். அந்த ரோட்டுல தினம் நடக்கிற ஆளுக்கு அந்தப் பிரிவுல இடமே இல்லை.

அடுத்தது ஹைகோர்ட் ரிட். டாடா செல்லுலார் வழக்குல (1994, மெட்ராஸ் உள்பட நாலு பெருநகரங்களுக்கான செல்போன் லைசென்ஸ் சண்டை அது) உச்சநீதிமன்றம், முடிவு சரியான்னு பார்க்க மாட்டோம், முடிவெடுத்த விதம் சரியான்னு மட்டும் பார்ப்போம்னு சொல்லிடுச்சு. 2022-ல என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்குல, டெண்டர் வேலைகளுக்குச் சட்டுனு தடை கொடுக்காதீங்கன்னும் சொன்னது. இதுல தப்பு சொல்ல முடியாது. தடை வாங்கினா வேலை நிக்கும், செலவு ஏறும், கஷ்டம் நமக்குத்தான். ஆனா கோர்ட் ஒதுங்கி நிக்கணும்னா, அதுக்கு முன்னாடி நடுநிலையா ஒருத்தர் விசாரிச்சிருக்கணும் இல்லையா? அந்தப் படிதான் இங்க இல்லை.

கென்யாவுல இருக்கு. 2015 சட்டப்படி தனி மறுஆய்வு வாரியம், 21 நாளுக்குள்ள தீர்ப்பு, அதுவரை ஒப்பந்தம் போடக்கூடாது. கென்யாவால முடியறது நம்மால முடியாதா?

இங்க என்ன நடக்குதுன்னா, 2020-ல 12,524 ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற பாரத்நெட் டெண்டர்ல நிபந்தனைகள் சரியில்லைன்னு அறப்போர் இயக்கம் புகார் கொடுத்து, கடைசியில டெல்லி தலையிட்டுத்தான் அது ரத்தாச்சு. ஒரு ரோடு டெண்டருக்கெல்லாம் டெல்லி வருமா?

அதுவரைக்கும் நாமளே பார்க்கக்கூடிய ஒண்ணு இருக்கு. விதிப்படி 2 கோடி வரைக்கும் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேலன்னா 30 நாள் டைம் கொடுக்கணும். குறைச்சா மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்கணும். உங்க ஊர் டெண்டர் விளம்பரத்துல ரெண்டு தேதியையும் கழிச்சுப் பாருங்க. இடிச்சா, அந்தக் காரணத்தோட நகலைக் கேட்டு ஆர்டிஐ போடுங்க. கட்டணம் 10 ரூபாய்தான்.