நிறம் மாறிய மருந்து



சென்ற மாதம் என் தமக்கையின் மகன், பரணில் கிடந்த எங்கள் அத்தாவின் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கல்லூரியில் பயிலும் பிள்ளை. செல்பேசியில் நினைத்தபோதெல்லாம் படம் எடுக்கும் தலைமுறைக்கு இன்று கறுப்பு வெள்ளை பிலிமின் மீது புதிதாய் ஓர் ஆசை பிறந்திருக்கிறது. "மாமு, 400 வேகமுள்ள பிலிம் இரண்டு சுருள் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே கழுவப் போகிறேன். எந்த டெவலப்பர் சிறந்தது?" என்று வினவினான்.

மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு இருட்டறையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் வியக்கலாம். தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் கசப்பானது.

1999ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நெய்வேலிக் குடியிருப்பில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மக்ரிபுக்குப் பின் ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் அமர்ந்து நன்னா அவர்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பிளாஷ் வெளிச்சம் அடித்தால் அவர்களின் ஓதல் கலைந்துவிடும். ஆகவே மங்கிய ஒளியிலும் படம் பிடிக்கவல்ல அதிவேக பிலிமைக் கொண்டு முப்பத்தாறு படங்கள் எடுத்தேன். அன்றிரவே குளியலறையை இருட்டாக்கிக் கழுவ முற்பட்டேன். முந்தைய ஆண்டு விடுமுறையில் கரைத்த டெவலப்பர் பாதிக் குப்பி மீதம் இருந்தது. தேநீர் நிறத்தில் பழுப்பேறியிருந்தது. டிகாஷன் நிறம் ஏறினால் வலுவும் ஏறும் அல்லவா? அதுபோலவே இதுவும் வலுப்பெற்றுவிட்டது என்று எண்ணி, நம்பி ஊற்றினேன்.

பிலிம் வெறும் கண்ணாடித் தாளாக வெளிவந்தது. உற்றுப் பார்த்தால் ஓரிரு படங்களில் புகைபோல் ஏதோ ஒரு சாயல், அவ்வளவே. அவ்வாண்டு முடிவதற்குள் நன்னா அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். அவர்கள் ஓதும் கோலத்தில் வேறு படம் எங்களிடம் இல்லை.

நடந்தது என்ன? ஒளி பட்ட பிலிமில் படம் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கிறது. ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களைக் கரிய வெள்ளியாக மாற்றி அதனைப் புலப்படுத்துவதே டெவலப்பரின் பணி. அப்பணியைச் செய்யும் மெட்டால், ஹைட்ரோகுயினோன் போன்ற பொருள்களுக்குக் காற்றே பகை. பாதிக் குப்பி மருந்து என்றால், மீதிப் பாதி காற்று என்று பொருள். அக்காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மருந்தின் ஆற்றலை நாள்தோறும் உண்டு தீர்க்கிறது. எங்கள் ஊரில் பூமிக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி ஆற்றலின் அடையாளம். என் குப்பியில் இருந்த பழுப்போ ஆற்றல் அழிந்ததன் அடையாளம்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "எந்த டெவலப்பர் சிறந்தது என்று கேளாதே. நீ எத்தனை நாளுக்கு ஒரு சுருள் கழுவுவாய்? அதுவரை எது உன் வீட்டில் கெடாதிருக்கும்? அதைக் கேள்."

மாதம் இரண்டு மூன்று சுருள் கழுவுவோருக்கு, 1927இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட டி-76 அல்லது அதற்கு நிகரான இல்போர்டின் ஐடி-11 போதும். ட்ரை-எக்ஸ், ஹெச்பி5 பிளஸ் முதலிய 400 வேக பிலிம்களுக்கு இவை நன்கு பொருந்தும். நிரம்பிய குப்பியில் இறுக மூடி வைத்தால் ஆறு மாதம், பாதிக் குப்பியானால் இரண்டு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒளி போதாமல் 400 வேக பிலிமை 800, 1600 எனக் கணக்கிட்டு எடுத்தவர்களுக்கு மைக்ரோபென் போன்ற பெனிடோன் கலந்த மருந்து கூடுதல் துணை செய்யும். ஆண்டுக்கு ஓரிரு சுருளே கழுவுவோர் கெட்டித் திரவமாக வரும் ஹெச்சி-110ஐ நாடலாம். வேண்டும்போது வேண்டிய அளவே நீரில் கலந்துகொள்ளலாம். 1891 முதல் விற்பனையில் உள்ள ரோடினால் வகையும் நெடுங்காலம் கெடாது. ஆயினும் அதிவேக பிலிமில் படம் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை! நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ரோடினால் கருத்துப்போன பின்னும் வேலை செய்யும். 1996இல் வந்த எக்ஸ்டால், தெளிந்த நீர்போல் தோன்றியவாறே செத்துக் கிடக்கும். எனவே ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கேமராவில் மாட்டும்போது வெளிச்சம் பட்ட பிலிம் முனையில் ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே மருந்தில் இடுங்கள். ஓரிரு நிமிடங்களில் அது நன்றாகக் கறுக்க வேண்டும். கறுக்காவிடில் மருந்தைக் கொட்டிவிடுங்கள். நான் செய்யத் தவறிய சோதனை இதுவே.

பாதுகாக்கும் முறை எளிது. தூள் பொட்டலத்தை முழுவதுமாகக் கரையுங்கள். பாதியைப் பிரித்துக் கரைத்தால் உட்பொருள்களின் விகிதம் மாறிவிடும். கரைத்த ஒரு லிட்டரை 250 மில்லி கொள்ளும் நான்கு கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி, கரைத்த நாளை எழுதி ஒட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு குப்பி. சம அளவு நீர் கலந்து பயன்படுத்திவிட்டு, எஞ்சியதைத் திரும்ப ஊற்றி வைக்காதீர்கள்.

வெப்பத்தையும் மறவாதீர்கள். அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை 1960இல் நிறுவியபோது, குளிர்ச்சியும் தூசியற்ற காற்றும் உள்ள உதகமண்டலத்தையே தேர்ந்தார்கள். திங்களைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தந்த அவ்வாலை இன்று இயங்கவில்லை. நம் நெய்வேலியிலோ மே மாதக் குழாய் நீர் முப்பது பாகையைத் தாண்டும். ஆகவே குப்பிகளை மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரணில் வைக்காமல், வெயில் படாத சுவரோரம் தரைமட்ட அலமாரியில் வையுங்கள். கழுவும்போது குப்பியைப் பனிக்கட்டி இட்ட நீரில் நிறுத்தி 24 பாகைக்குக் கொணருங்கள். சம நீர் கலந்த ஐடி-11இல் ஹெச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 பாகையில் 13 நிமிடம் ஆகும். 24 பாகையில் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் போதும். ஹைப்போவும் அலசும் நீரும் அதே வெப்பத்தில் இருக்கட்டும்.

தாய்மார்களே, இது உங்களுக்கு. இம்மருந்து நஞ்சு. குளிர்பானப் புட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். தாகத்துடன் ஓடிவரும் குழந்தைக்கு எழுத்து தெரியாது, புட்டிதான் தெரியும். உணவு வைக்கும் குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம். பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கலக்கிய பாத்திரம் மீண்டும் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. மெட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். கையுறை அணியச் சொல்லுங்கள்.

ஒளி பட்ட பிலிம் ஓர் அமானிதம் போன்றது. அந்த மாலையும் அந்த முகமும் மீண்டும் வாரா. அதனை ஒப்படைக்கும் முன் மருந்தைச் சோதிக்க ஒரு துண்டு பிலிமும் இரண்டு நிமிடமும் போதும். மருமகன் சென்ற வாரம் தன் முதல் சுருளைக் கழுவினான். முதற்படத்தில் அவனுடைய நன்னி, அதாவது என் உம்மா, முறத்தோடு அமர்ந்து சிரிக்கிறார்கள். ஈரம் காயுமுன்பே அந்தப் பிலிமை விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்திருந்தேன்.