தினம் ஒரு மனக்கணக்கு



இந்த இதழிலிருந்து நாளுக்கொரு மனக்கணக்குப் புதிர் தருகிறோம். பேனாவோ கைபேசியோ வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் போதும்.

முதல் புதிர் இதோ. மூன்று இலக்க எண் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது. அவற்றை மாற்றி அடுக்கினால் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். வந்த விடையையும் அப்படியே செய்யுங்கள். 99 வந்தால் 099 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

213-ஐ எடுத்தால் 321 − 123 = 198. அடுத்து 981 − 189 = 792. பிறகு 693, 594, 495. அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் 495தான்! எந்த எண்ணில் தொடங்கினாலும் ஆறு கழித்தலுக்குள் அங்கே வந்து சேரும்.

கடன் வாங்கிக் கழிப்பது மனசுக்குள் சிரமமாக இருக்கிறதா? நடு இலக்கம் இரண்டு எண்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் 99 மடங்கு. 321-இல் வித்தியாசம் 2. 200-இல் 2 போனால் 198. 981-இல் வித்தியாசம் 8. 800-இல் 8 போனால் 792. இது பிடிபட்டுவிட்டால் குழந்தைகளே அடுத்த எண்ணைக் கேட்டு வாங்குவார்கள்.

இந்த விளையாட்டின் நான்கு இலக்க வடிவத்தை 1949-இல் உலகுக்குச் சொன்னவர் டி.ஆர். காப்ரேகர். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கண்ட 6174 இன்று 'காப்ரேகர் மாறிலி' என்றே அழைக்கப்படுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது கூட்டலும் கழித்தலும், எண்களை விடாமல் கவனிக்கும் ஆசையும்தான். அந்த ஆசையை உங்கள் வீட்டிலும் வளர்க்கத்தான் இந்தப் பகுதி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை விரட்டாதீர்கள். விடை சரியோ தவறோ, "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே எங்கே பிசகியது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். நமக்குத் தோன்றாத வழியும் சில நேரம் கிடைக்கும்.

நாளைக்கு 3524-இல் தொடங்கி 6174-ஐப் பிடியுங்கள். எத்தனை கழித்தலில் பிடித்தீர்கள், மனசுக்குள் எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதுங்கள். நல்ல வழிகளை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்