உடைவதற்கென்றே ஒரு மண்குடம்



"பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு கேம்?" என்று எங்கள் லயத்திலும் கேட்கிறார்கள். பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் அக்கா மகள் செய்யும் வேலையை அவர்கள் ஒருமுறை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

கணினி விளையாட்டொன்றில் சேர்ப்பதற்காக அவள் மண்குடம் செய்கிறாள். அடித்தால் அது உடைய வேண்டும். அதற்காக ஒரே குடத்தை முழுதாக ஒன்று, துண்டுகளாக ஒன்று என இருமுறை செய்கிறாள். அடி விழுந்ததும் முழுக்குடம் மறையும். அதே இடத்தில் துண்டுகள் தோன்றிச் சிதறும். சுவருக்குத் தடிப்பு வைக்காவிட்டால் ஓடுகள் கடதாசி போலிருக்கும். துண்டுகள் கூடினால் பழைய கணினி திணறும். 2004இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டில் மரப்பெட்டிகள் உடைவதும் இம்முறையில்தான்.

அவள் பயன்படுத்தும் மென்பொருள் 'பிளெண்டர்'. 2002இல் பலர் சேர்ந்து ஏழே வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இன்றும் அது இலவசமே.

ஆகவே மென்பொருளுக்குக் காசு வேண்டாம், நேரம்தான் வேண்டும். வீட்டிலுள்ள ஒரே கணினி முதலில் தம்பிக்கு. தண்ணீர், அடுப்பு எல்லாம் முடிந்த பிறகே அவளுக்கு. உயர்தரம் எழுதிவிட்டாள், பொங்கல் கழிந்ததும் கொழும்பில் துணிக்கடைக்கு அனுப்பப் பேசுகிறார்கள்.

"ஒரு வருஷம் பொறுங்க அக்கா" என்று கேட்டிருக்கிறேன். இதில் உழைப்பு கிடைக்குமென்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அளவும் பொறுமையும் கணக்கும் கற்ற கைகள் வீண்போகாது.

உங்கள் வீட்டுக் கணினியில் மகளுக்கு எத்தனை மணி நேரம்? இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.