ஐந்து பட்டைக் கொடியும் நம் வீட்டுக் கதவும்

திருவொற்றியூர்த் தொழிலாளிக்குக் கொடி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார்; நாட்டின் முதல் மே தினம் அதுவே. அந்தக் கொடியின் கீழ்தான் நம்மவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

இன்று வேறொரு கொடியைப் பார்க்கிறோம். ஓரங்களில் இரண்டு இளநீலப் பட்டைகள், உள்ளே இரண்டு இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளை. திருநங்கையர், திருநம்பியரின் கொடி இது. "இதென்ன புது வேஷம்?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். கேலி செய்யுமுன் அதன் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய மோனிகா ஹெல்ம்ஸ் என்ற திருநங்கை 1999-ல் இதை உருவாக்கினார். 2000-ல் பீனிக்ஸ் நகர ஊர்வலத்தில் அது பறந்தது. ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு என்பது அந்நாட்டு வழக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்களுக்கும், இரண்டிலும் அடங்காதவர்களுக்கும் வெள்ளை. தலைகீழாகக் கட்டினாலும் கொடி மாறாது; எப்படிப் பிடித்தாலும் சரியே.

அன்னியச் சரக்கு என்பார்கள். செங்கொடியையும் அப்படித்தானே சொன்னார்கள்! கொடிதான் புதிது, மனிதர்கள் புதியவர்களல்ல. 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் இவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பெண்ணுடையில் தெருவில் நடந்தால் இரண்டு வருஷம் வரை சிறை! அதே பெயர் கொண்ட சட்டம்தான் பின்னாளில் மதுரைப் பக்கத்துக் கள்ளர் கிராமங்களில் உழவர்களின் கைரேகையை உருட்டியது.

2008-ல் தமிழக அரசு இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ல் சுப்ரீம் கோர்ட்டு, தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமையை ஒப்புக்கொண்டது. காகிதத்தில் உரிமை வந்தது. வாழ்க்கையில்?

2017-ல் கொச்சி மெட்ரோ ரயிலில் இவர்களில் 23 பேருக்கு வேலை கிடைத்தது. சிலர் சில வாரங்களிலேயே வேலையை விட்டார்கள். காரணம், வாடகைக்கு வீடு கொடுப்பாரில்லை! வேலை கதவைத் திறந்தது. ஊர் கதவைச் சாத்தியது.

விம்கோ நகருக்கும் 2021-ல் மெட்ரோ வந்துவிட்டது. நாளை அங்கே வேலைக்கு வரும் ஒரு திருநங்கை நம் தெருவில் குடித்தனம் கேட்டால் என்ன சொல்வோம்? சாதி கேட்டு வீடு மறுக்கப்பட்ட வேதனை நமக்குத் தெரியாதா? தெரிந்தவர்களே கதவைச் சாத்தலாமா?

தோழர்களே! அந்தக் கொடியை நீங்கள் தூக்க வேண்டுமென்று கேட்கவில்லை. அதைத் தூக்கி வருபவருக்குக் கதவைத் திறங்கள். பட்டறையில் பக்கத்தில் இடம் கொடுங்கள். சங்கத்தில் பெயரை எழுதுங்கள்.