மகுல் மடுவத்தில் ஒரு பொழுது

சென்ற விடுமுறையில் எமது மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, கண்டித் தலதா மாளிகை வளவில் உள்ள மகுல் மடுவத்தைக் காணச் சென்றிருந்தோம். பெரகராக் காலத்தில் அதனருகே நடந்து செல்வோர் பல்லாயிரவர்; நின்று நோக்குவோர் சிலரே. நாமும் பல்லாண்டுகள் அவ்வாறு கடந்து சென்றவர்தாம்.

மகுல் மடுவம் என்பது கண்டியரசரின் கொலுமண்டபம். சுற்றுச் சுவர் இல்லை. சித்திர வேலைப்பாடு அமைந்த மரத்தூண்கள் அணியணியாக நிற்க, அவற்றின்மேல் ஓட்டுக் கூரை கவிந்திருக்கிறது. 1782 முதல் 1798 வரை ஆண்ட இராசாதிராசசிங்கன் தொடங்கிய இதனை, அடுத்து வந்த ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் முடித்தான். அரசன் பிரதானிகளோடு கூடி நாட்டுக் காரியங்களை ஆராய்ந்த இடம் இது. "அப்படியானால் இதுதான் அக்காலத்துப் பாராளுமன்றம்" என்று கூறி, மாணவன் ஒருவன் அதனைத் தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டான். நாம் அப்போது மறுக்கவில்லை.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆந் திகதி இம்மண்டபத்திலேதான் கண்டி இராச்சியம் கைமாறியது. அரசன் இரு வாரங்களுக்கு முன்பே சிறைப்பட்டிருந்தான். தேசாதிபதி சேர் றொபேட் பிறவுண்றிக் ஒருபுறமும், எகலப்பொலை, மொல்லிகொடை முதலிய பிரதானிகள் மறுபுறமுமாகக் கூடினர். 12 பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை படிக்கப்பட்டது. அரசன் கொடுங்கோலன் ஆதலால் அரசுரிமை இழந்தான் என்றது ஒரு பிரிவு. பௌத்த சமயம் காக்கப்படும் என்றது மற்றொன்று. அரசனுடைய 'மலபார்' இனத்தார்க்கு இனி அரசுரிமை இல்லை. அவன் உறவினரான ஆடவர் நாட்டுக்குப் பகைவர். வெளியேற்றப்பட்ட மலபார் ஆடவர் திரும்பி வரலாகாது என்று வேறு பிரிவுகள் விதித்தன.

மலபார் என்று அன்று ஆங்கிலேயர் குறித்தது தென்னிந்திய வழியினரை. மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபில் வந்த அரசர் நால்வர் 1739 முதல் கண்டியை ஆண்டனர். அவருள் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலேதான் சீயத்திலிருந்து பிக்குகள் வந்து, 1753இல் இந்நாட்டுப் பௌத்த சங்கம் புத்துயிர் பெற்றது. அம்மரபின் கடைசி அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர் நீத்தான்.

மண்டபத்திலிருந்து, பழைய அரசியர் மாளிகையில் அமைந்த தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். அங்கே அவ்வுடன்படிக்கையின் படி ஒன்று உண்டு. பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திலே கையொப்பமிட்டதாக வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். தென்னாட்டாரைத் துரத்திய தாளிலே தமிழெழுத்து! இந்நாட்டு மக்களின் உறவு எத்துணைப் பின்னலுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அப்பொழுது மாணவி ஒருத்தி, "ஐயா, சனங்களை யாராவது கேட்டார்களா?" என்றாள்.

ஒருவரும் கேட்கவில்லை. உடன்பட்ட பிரதானிகளும் தாம் கருதியதைப் பெறவில்லை. 1817இல் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கியபின், 1818 நவம்பரில் அதே தேசாதிபதி ஒரு பிரகடனத்தால் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தார். இம்முறை எவர் கையொப்பமும் வேண்டியிருக்கவில்லை. அரசனை வீழ்த்தத் துணைநின்ற எகலப்பொலை மொரிசியசுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கே மாண்டான்.

மக்களே உறுப்பினரைத் தெரிந்தனுப்பும் சபை இருந்தால் இத்தகைய தவறு நேராது என்று எண்ணலாமா? கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளைப் பார்த்தாலே விடை கிடைக்கும். அங்கு உழைத்த தமிழர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தனர். அவர்களுடைய காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டிலேயே, கொழும்புக் காலிமுகத்திடலருகே இருந்த அன்றைய பாராளுமன்றத்தில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டு அரசுகள் செய்த ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா செல்ல நேர்ந்தது. இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையே கழிந்தவை 55 ஆண்டுகள்.

தேர்ந்தெடுத்த சபையும் தவறும் என்பதை 1948 காட்டிற்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1815இல் விலக்கப்பட்டவர் முறையிட இடமில்லை. பிற்காலத்தாரோ வாதாடினர், சங்கம் அமைத்தனர், வாக்குரிமை மீண்டவர் தம் உறுப்பினரை மறுபடியும் சபைக்கு அனுப்பினர். அந்தப் பாராளுமன்றமே பின்னர் வேறு சட்டம் இயற்றியது. திருத்தம் மிகவும் தாமதித்தது, ஆயினும் வந்தது. தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ள இடமுள்ள அவையே மக்களின் அவை. திருத்துமாறு இடைவிடாது கேட்பது மக்களின் கடமை.

குழந்தைகளுடன் கண்டிக்கு வரும் வாசகர்கள் தலதா மாளிகையைத் தரிசித்தபின், கால் மணி நேரம் இம்மண்டபத்திலும் நிற்பார்களாக. தூண்களின் அழகைக் காட்டுங்கள். பின்பு, இங்கே அமர்ந்திருந்தவர் யார், அமர இடம் பெறாதவர் யார் என்று கேளுங்கள்.

நாம் திரும்புங்கால் அம்மாணவன் குறிப்பேட்டை எடுத்து, 'பாராளுமன்றம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'அரசவை' என்று திருத்திக்கொண்டான்.